சைப்பையின் சால்வ்_ஐவிபி: அலைவை எண்ண இதை நம்பலாமா?

பைத்தானில் வகைக்கெழுச் சமன்பாடு என்றால் இப்போது பலரும் முதலில் எடுப்பது சைப்பை என்ற அறிவியல் கணக்கீட்டு நூலகத்தின் சால்வ்_ஐவிபி-யைத்தான் (solve_ivp), தொடக்க மதிப்பிலிருந்து தீர்வை எண்களாகக் கணக்கிடும் கருவி அது. 2017-ல் 1.0 பதிப்போடு வந்தது, இலவசம். ஒரே ஒரு இரண்டாம் வரிசைச் சமன்பாட்டின் தீர்வு எங்கெல்லாம் சுழியைக் கடக்கிறது என்று பார்க்க இதுவே தாராளம். ஈவென்ட் என்று ஒரு சார்பைக் கொடுத்தால் அது சுழியாகும் நேரங்களைப் பட்டியல் போட்டுத் தந்துவிடும்.

நேரியல் ஹாமில்ட்டன் அமைப்புக்கு, அதாவது இயற்பியலின் ஹாமில்ட்டன் வடிவில் இணைந்த நேரியல் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு, வந்தால்தான் வம்பு. இங்கே தீர்வு எக்ஸ், யூ என்று இரண்டு சதுர அணிகள். எக்ஸுக்கு நேர்மாறு இல்லாமல் போகும் இடங்களைத்தான் எண்ண வேண்டும், அவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தால் அமைப்பு அலைவுறுகிறது. சரி, எக்ஸின் அணிக்கோவையையே ஈவென்ட்டாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்துப் பாருங்கள்: எக்ஸின் வகைக்கெழு யூ, யூவின் வகைக்கெழு கழித்தல் எக்ஸ், இரண்டுக்கு இரண்டு அணிகள், தொடக்கத்தில் எக்ஸ் சுழி, யூ அலகு அணி. அணிக்கோவை சைனின் வர்க்கம். 0-க்குப் பிறகு 10 வரை பை, 2பை, 3பை என மூன்று இடம், ஒவ்வொன்றும் இரட்டை, ஆக 6 வர வேண்டும். கருவி தருவதோ தொடக்கத்தில் இருக்கும் அந்தச் சுழியை மட்டும்தான்! அது தேடுவது குறி மாற்றத்தை, வர்க்கமோ சுழியைத் தொட்டுவிட்டு அப்படியே மேலே திரும்பிவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் எரிச்சல். ஆவணத்தை ஒழுங்காகப் படித்தால் இது தெரியும், ஆனால் யார் படிக்கிறார்கள்.

வழி இருக்கிறது. யூவோடு ஐ (கற்பனை எண் i) மடங்கு எக்ஸைக் கூட்டி, யூவிலிருந்து அதையே கழித்து வருவதன் நேர்மாறால் பெருக்கினால் ஓர் யூனிட்டரி அணி, அதாவது நீளங்களை மாற்றாத சிக்கலெண் அணி, கிடைக்கும். அதன் ஐகன் மதிப்புகள் (தன்மதிப்புகள்) அலகு வட்டத்தில் சுற்றும், எத்தனை மதிப்புகள் 1-ஐக் கடக்கின்றனவோ அத்தனை எண்ணிக்கை, இரட்டையும் தப்பாது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பை வரும்போது இரண்டும் ஒன்றாகக் கடக்கும்.

அப்புறம் துல்லியம். இயல்பாக ஓடுவது ஆர்கே45 என்ற ரங்கே-குட்டா முறை, சார்புப் பிழை வரம்பு 0.001, இந்த வேலைக்கு அது போதவே போதாது. ஐகன் மதிப்பின் அளவு 1-லிருந்து நகர்ந்தால் உடனே வரம்பை இறுக்குங்கள், அல்லது டிஓபி853 என்ற உயர்வரிசை முறைக்கு மாறுங்கள். ஹாமில்ட்டன் அமைப்பின் கட்டமைப்பைக் கெடாமல் காக்கும் சிம்ப்ளெக்டிக் முறை ஒன்றுகூட இதில் இல்லை என்பது ஹாமில்ட்டன்காரர்களுக்குப் பெரிய குறைதான். தீர்வுகள் வேகமாக வளரும் அமைப்பென்றால் அணியின் நிரல்கள் (செங்குத்து வரிசைகள்) எல்லாம் ஒரே திசையில் சாய்ந்துவிடும், அங்கங்கே நிறுத்தி, நிரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக்கும் கியூஆர் பிரிப்பைப் போட்டு நிமிர்த்திக்கொள்ளுங்கள், அந்த யூனிட்டரி அணி அதனால் மாறாது.