குயவன் குளவியும் சிலந்தி பிடிக்கும் மண்குளவியும்

சுவரில் மண்கூடு தெரிந்தால் கட்டியது ஒரே வகைக் குளவிதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அது குயவன் குளவியாகவும் இருக்கலாம், சிலந்தி பிடிக்கும் மண்குளவியாகவும் இருக்கலாம். உறவுமுறையில் இவை இரண்டும் வெகு தொலைவு. குயவன் குளவிகள் வெஸ்பிடே குடும்பத்தின் யூமெனினே துணைக்குடும்பம்; முன்பு தனிக் குடும்பமாகவே வைக்கப்பட்டிருந்தன. ஸ்கெலிஃப்ரான் பேரினம் போன்ற மண்குளவிகள் ஸ்ஃபெசிடே குடும்பம். அவற்றுக்குக் குயவன் குளவிகளைவிடத் தேனீக்களே நெருங்கிய சொந்தம்! என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

அடையாளம் காண இடுப்பின் மெலிவை நம்ப வேண்டாம். அது இரண்டிலும் உண்டு. இறக்கையைப் பாருங்கள். ஓய்வில் குயவன் குளவி முன்னிறக்கையை நீளவாக்கில் மடித்துக்கொள்ளும்; மண்குளவி மடிக்காது.

குயவன் குளவி பெரும்பாலும் அந்துப்பூச்சிப் புழுக்களை வேட்டையாடுகிறது. காலி அறையின் கூரையில் மெல்லிய இழையால் முட்டையைத் தொங்கவிட்ட பிறகே இரையை நிரப்புகிறது. மண்குளவி பிடிப்பது சிலந்திகளை. முட்டையைச் சிலந்தியின் உடல்மீதே ஒட்டுகிறது.

வகை வளத்தில் யூமெனினேதான் முன்னே: 3,000க்கும் மேற்பட்ட இனங்கள். ஆனால் கழுத்து வைத்த அழகிய குடுவையைக் கட்டுபவை யூமெனிஸ் போன்ற சில பேரினங்களே. மற்றவற்றில் பல, உள்ளீடற்ற தண்டுகளிலும் வண்டு துளைத்த மரத்திலும் மண் தடுப்பு எழுப்பிக் குஞ்சுகளை வளர்க்கின்றன. சில நிலத்தைத் தோண்டுகின்றன.