ஆதார்ல ரேகை வச்சு பணம் எடுக்குற கடைல எங்கம்மாவோட 27,000 போச்சு, ஊர்ல பெரியவங்க இருக்குறவங்க படிங்க

இப்பதான் பேங்க்லேருந்து வெளிய வந்தேன், பஸ் ஸ்டாண்ட்ல ஒக்காந்து டைப் பண்றேன், கோவத்துல தப்பு தப்பா வந்தா மன்னிச்சிருங்க. போனது 27,000 ரூபா. சில பேருக்கு இது ஒரு போன் வாங்குற காசு. எங்கம்மாவுக்கு அது ஆடு வித்த காசு, மழைக்கு முன்னாடி வீட்டு மேல ஓடு மாத்தணும்னு எடுத்து வச்சிருந்தது.

எங்க ஊரு செஞ்சி பக்கம். பேங்க்குக்கு போகணும்னா பஸ் புடிச்சு போய் வரிசைல நின்னு வரதுக்குள்ள ஒரு நாள் கூலி போயிடும். அதனால ஊருக்குள்ளயே ஒரு ஜெராக்ஸ் ரீசார்ஜ் கடைல ஆதார் நம்பர் சொல்லி கட்டைவிரல் வச்சா பணம் குடுக்குறாங்கன்னு சொன்னதும் அங்கயே போம்மான்னு சொன்னது நான்தான். ஆமா நான்தான். சென்னைல ஒக்காந்துகிட்டு பெரிய புத்திசாலி மாதிரி, டிஜிட்டல்மா, எதுக்கு அலையிறன்னு சொன்னேன்.

கடைக்காரன் பேரு, கடை பேரு எதுவும் போடல, கம்ப்ளைன்ட் ஓடிட்டு இருக்கு. ஆனா அவன் எப்படி நடந்துகிட்டான்னு சொல்லணும். அம்மா போனா ஸ்டூல எடுத்து போட்டு, வாங்க பெரிம்மான்னு ஒக்கார வச்சு தண்ணி குடுப்பான். நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போயி அம்மாவுக்கு விரல் எல்லாம் தேஞ்சு வெடிச்சு கெடக்கு, ரேஷன் கடைலயே நாலு தடவை வச்சாதான் ரேகை விழும். இவன் ஈரத்துணி ஒண்ணு வச்சிருப்பானாம், அம்மா விரல அவனே புடிச்சு தொடச்சு, லேசா எண்ணெ தேய்ச்சு, அந்த செகப்பு லைட் எரியுற மெஷின்ல வச்சு அழுத்துவான். பெத்த புள்ள மாதிரி பண்ணான்டான்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு வாரம் முன்னாடி வரைக்கும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாங்க. ரெண்டாவது தடவை போனப்போ, எதுக்கு பெரிம்மா தெனம் ஆதார் கார்ட தூக்கிட்டு வரீங்க, நம்பர நானே எழுதி வச்சிக்கிறேன்னு ஒரு நோட்ல எழுதிகிட்டான். அம்மாவுக்கு அதுல அவ்ளோ சந்தோஷம்.

மாசம் ஒரு தடவை உரிமைத்தொகை ஆயிரத்த எடுக்க போவாங்க. விரல் வைப்பாங்க. "ரேகை விழல பெரிம்மா, சர்வர் ஸ்லோ, இன்னொருக்கா வைங்க"ம்பான். ரெண்டாவது தடவை வச்சதும் ஆயிரம் ரூபாய எண்ணி கைல குடுப்பான். சீட்டு கேட்டா பேப்பர் ரோல் தீந்து போச்சுன்னுவான். மூணு மாசமும் இதே கததான்.

பத்து நாள் முன்னாடி ஓடு வாங்க பணம் எடுக்கலாம்னு அம்மா பேங்க்குக்கே போயி பாஸ்புக் என்ட்ரி போட்டுருக்காங்க. 31,200 இருக்க வேண்டிய எடத்துல 4,200 இருக்கு. எனக்கு போட்டோ எடுத்து அனுப்ப சொல்லி பாத்தேன், பாத்த ஒடனே வயிறு எரிஞ்சுடுச்சு. ஒரே தேதில ரெண்டு ரெண்டு என்ட்ரி. மொத மாசம் 7,000, அதுக்கு கீழயே 1,000. அடுத்த மாசம் 10,000, கீழ 1,000. அதுக்கடுத்த மாசமும் 10,000, 1,000. அதாவது ரேகை விழலன்னு சொன்ன அந்த மொத தடவை ரேகை நல்லாவே விழுந்துருக்கு. தொகைய அவன்தான டைப் பண்றான், ஸ்க்ரீன் அவன் பக்கம் திரும்பி இருக்கு, அம்மாவுக்கு படிக்க தெரியாது. ஒரு தடவைக்கு 10,000க்கு மேல போகாதுங்கறதால 10,000ல நிறுத்திருக்கான், இல்லனா மொத்தத்தையும் வழிச்சிருப்பான்.

போனுக்கு மெசேஜ் வரலியான்னு நீங்க கேப்பீங்க. அக்கவுன்ட்ல குடுத்த நம்பர் அப்பா இருந்தப்போ வச்சிருந்த பழைய சிம், அது எப்பவோ செத்து போச்சு, யாரும் மாத்தல. அதுவும் என் தப்புதான், சரி.

அடுத்த நாளே லீவ் போட்டு ஊருக்கு போய் கடைல நின்னேன். மொதல்ல சிரிச்சுகிட்டே "சர்வர் பிராப்ளம்ணா, ஏழு நாள்ல தானா அக்கவுன்ட்ல ஏறிடும்"ன்னான். மூணு மாசம் முன்னாடி எடுத்தது இன்னும் ஏறலியேடான்னு கேட்டேன். அப்ப மூஞ்சி மாறுது. "நான் முழு பணத்தயும் குடுத்துட்டேன், பெரிம்மா வயசானவங்க, மறந்துருப்பாங்க"ன்னான். அம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. அவங்க எதுவும் பேசல, அந்த ஸ்டூலயே பாத்துகிட்டு இருந்தாங்க. எனக்கு 27,000 போனத விட அதுதான் தாங்கல.

பேங்க்ல போனா "கஸ்டமர் அவங்களே ரேகை வச்சிருக்காங்க சார், நாங்க என்ன பண்றது, அந்த மெஷின் குடுத்த கம்பெனிய கேளுங்க"ன்னாங்க. கம்பெனிக்கு போன் போட்டா இந்திக்கு ஒண்ணு இங்கிலீஷுக்கு ரெண்டு அழுத்துன்னு சொல்லி சொல்லி, கடைசியா ஒரு பொண்ணு எடுத்து டிக்கெட் போட்டுச்சு, ரெண்டு நாள்ல டிக்கெட் குளோஸ். காரணம் என்னன்னா "டிரான்ஸாக்‌ஷன் சக்சஸ்ஃபுல்". அட அது சக்சஸ் ஆனதுதான்யா பிரச்சனையே! லோக்கல் ஸ்டேஷன்ல இது சைபர் க்ரைம், 1930க்கு போன் பண்ணுன்னாங்க. 1930ல ஒழுங்கா பேசுனாங்க, அத சொல்லியாகணும், புகார் நம்பரும் வந்துச்சு. ஆனா அது பணம் போன கொஞ்ச நேரத்துல கூப்புட்டா போற வழில நிறுத்தி வைக்குறதுக்கு. மூணு மாசம் கழிச்சு நிறுத்த என்ன இருக்கு?

இன்னைக்கு திரும்ப பேங்க். 2017 ஜூலைல ரிசர்வ் பேங்க் போட்ட சுற்றறிக்கைய பிரின்ட் எடுத்துட்டு போனேன். கஸ்டமர் அனுமதி இல்லாம பணம் போச்சுன்னா அது கஸ்டமர் தப்புன்னு நிரூபிக்க வேண்டியது பேங்க்தான்னு அதுல தெளிவா இருக்கு. அந்த அதிகாரி அத வாங்கி கூட பாக்கல. "விரல் அவங்களோடதுதான?"ன்னு கேக்குறாரு. விரல் அவங்களோடதுதான் சார், தொகை யாரோடது? இந்த மாதிரி பணம் குடுக்குற ஆளுங்கள பேங்க் நல்லா விசாரிச்சு சேக்கணும், தொடர்ந்து கண்காணிக்கணும்னு 2025 ஜூன்ல ரிசர்வ் பேங்க் தனியா உத்தரவு போட்டு 2026 ஜனவரி 1லேருந்து அமல்னு சொல்லிருக்கு, அதயும் சொன்னேன், "அது எங்க பேங்க் ஆள் இல்ல சார், வேற பேங்க் ஆள்"ன்னு முடிச்சிட்டாரு. எழுதி குடுத்ததுக்கு சீல் போட்டு காப்பி வாங்கவே ஒரு மணி நேரம்.

ஏடிஎம் கார்டுக்கு பின் இருக்கு, யுபிஐக்கு பின் இருக்கு, ஆன்லைன்ல கார்டு போட்டா ஓடிபி வருது. இங்க ஆதார் நம்பர், பேங்க் பேரு, விரல், அவ்ளோதான். படிச்சவன் கைல இருக்கறதுக்கு மூணு பூட்டு, படிக்காதவங்க கைல இருக்கறதுக்கு ஒண்ணு கூட இல்ல. அம்மா நேத்து ராத்திரி கேக்குறாங்க, "இனிமே இடது கை விரல வைக்கட்டாடா?"ன்னு. பத்து விரலும்தான் பதிஞ்சிருக்கும்மான்னு எப்படி சொல்றது.

என்ன பண்ணணும்னு எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், பஸ் வந்துரும், சுருக்கமா சொல்றேன். அம்மா அப்பா அக்கவுன்ட்லயும் ஆதார்லயும் ஓடுற போன் நம்பர் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ஆதாரோட அரசு ஆப்ல பயோமெட்ரிக் லாக்னு ஒண்ணு இருக்கு, போட்டா விரல வச்சு யாரும் எடுக்க முடியாது, ஆனா ரேஷன் கடைலயும் அதே ரேகைதான், அங்க போறப்போ கொஞ்ச நேரம் திறந்து விடணும், தனியா இருக்குற பெரியவங்க அத எப்படி பண்ணுவாங்கன்னு என்ன கேக்காதீங்க, எங்கம்மாவுக்கு நம்பர் மாத்துனாதான் லாக்கே போட முடியும். ரெண்டாவது தடவை விரல் வைக்க சொன்னா, மொத தடவை ஃபெயில் ஆனதுக்கு சீட்டு குடுன்னு கேளுங்க, குடுக்கலனா எழுந்து வந்துருங்க. மாசம் ஒரு தடவை பாஸ்புக் என்ட்ரி. பணம் போனா ஒடனே 1930, பேங்க்ல எழுதி குடுத்து சீல் வாங்குங்க, ஸ்டேட்மென்ட்ல இப்படி விரல் வச்சு எடுத்த ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஆர்ஆர்என்னு 12 இலக்கத்துல ஒரு அடையாள நம்பர் இருக்கும், அத குறிச்சுக்கோங்க, அது இல்லாம எவனும் பேச மாட்டேங்கறான். பேங்க் 30 நாள்ல பதில் தரலனா இல்ல தட்டிக் கழிச்சா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர புகார விசாரிக்கிறவர்) போங்க, காசு கட்ட வேணாம், விவரம் கேக்க 14448. நான் அங்கதான் போக போறேன்.

கடை இன்னும் தொறந்துதான் இருக்கு. காலைல பஸ் ஏற போறப்போ பாத்தேன், ஒரு பாட்டி அதே ஸ்டூல்ல ஒக்காந்துருக்கு, அவன் விரல தொடச்சு விட்டுட்டு இருக்கான். நான் போய் கத்துனேன், பாட்டி என்னயதான் மொறைச்சுச்சு.

27,000 ரூபா. இதே மாதிரி ஆதார்ல போயி காசு திரும்ப கெடச்சவங்க யாராச்சும் இருந்தா, எத்தன நாள் ஆச்சு, யார்கிட்ட போனீங்கன்னு மட்டும் சொல்லுங்க.