மெட் மியூசியம் ஆன்லைன் கலெக்ஷன்: இடிபாடு எச்சிங் பாக்க இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியல

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 பிப்ரவரியில 3,75,000 படங்களுக்கு மேல யார் வேணா எடுத்துக்கலாம், எதுக்கு வேணா யூஸ் பண்ணிக்கலாம்னு தொறந்து விட்டாங்க. காசு கிடையாது, லாகின் கூட வேணாம். அங்க இருக்குற ஓவியம், சிலை பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் சொல்ல வந்தது இடிஞ்ச கட்டடமும் காடும் கலந்து வர்ற அந்தப் பழைய எச்சிங் (செப்புத் தகட்டுல கோடு கீறி அச்சடிக்கிறது) படங்களைப் பத்தி மட்டும்.

மொதல்ல பிரானேசின்னு போட்டுத் தேடுங்க, ரோமை எச்சிங்ல வரைஞ்ச இத்தாலிக்காரர். அவர் 1778லயே செத்துட்டாரு, இயற்கை, உணர்ச்சி, இடிபாடுன்னு கலைஞர்கள் மயங்கிக் கிடந்த ரொமான்டிக் காலத்துக்கு முந்தின ஆளுதான், ஆனா பின்னாடி வந்தவங்களுக்கு இடிபாட்டை எப்படிப் பாக்கணும்னு கத்துக் குடுத்ததே அவர்தான்னு சொல்லுவேன். அவரோட ‘ரோம் காட்சிகள்’ வரிசை மட்டும் 135 தகடு, அதாவது 135 படம். சின்ன சைஸ்ல பாத்தா வெறும் கட்டடமா தெரியும், ஜூம் பண்ணிட்டே போங்க, வளைவு மேல புதர், விரிசல்ல இருந்து தொங்குற கொடி, தூண் உச்சியில காத்துல சாயுற புல்லுன்னு ஒவ்வொண்ணா வெளிய வரும். அழகுக்காக இட்டுக்கட்டி போட்டதுன்னு நினைக்காதீங்க, கொலோசியத்துல மட்டும் 420 வகை செடி இருந்துச்சுன்னு ரிச்சர்ட் டீக்கின்னு ஒரு டாக்டர் 1855ல புத்தகமே போட்டிருக்காரு. அப்புறம் 1870கள்ல அதையெல்லாம் புடுங்கி சுத்தம் பண்ணிட்டாங்க, இன்னைக்கு நேர்ல போனாலும் அந்தக் கொலோசியம் கிடைக்காது.

இந்த ஜூம் ஏன் இவ்ளோ முக்கியம்னா எச்சிங்கோட வேலையே அந்தக் கோட்டுலதான் இருக்கு. செப்புத் தகட்டுல மெழுகு பூசி ஊசியால கீறி ஆசிட்ல போடுவாங்க, தூரத்து மலைக்கு லேசா அரிச்சா போதும், அதை வெளிய எடுத்து அந்தப் பகுதியை மட்டும் வார்னிஷ் வச்சு மூடிட்டு மிச்சத்தை திரும்ப உள்ள விடுவாங்க, அதனாலதான் முன்னாடி இருக்குற புதர் கன்னங்கரேல்னு தடிச்சும் பின்னாடி இருக்குற கோபுரம் முடி மாதிரி மெல்லிசாவும் நிக்குது. புத்தகத்துல சின்னதா அச்சடிச்சா இது ரெண்டுமே ஒரே சாம்பலாப் போயிரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சவர் ஜெர்மன்காரர் கார்ல் வில்ஹெல்ம் கோல்பே. மெட்ல தேடுங்க, வாஷிங்டன் நேஷனல் கேலரி சைட்லயும் தேடுங்க, அதுவும் ஃப்ரீதான். 1801ல அவர் போட்ட ஆர்க்கேடியா படத்துல ஒரு ஜோடி கல்லறை முன்னாடி நிக்குறாங்க, சுத்தி இருக்குற இலை ஒவ்வொண்ணும் ஆள் உயரத்துக்கு இருக்கு! மத்தவங்க படத்துல செடி இடிபாட்டு மேல ஏறும், இவர் படத்துல செடிதான் எஜமான், கல்லும் மனுசனும் ஓரத்துல ஒண்டிக்கிட்டு இருக்காங்க. சத்தியமா கொஞ்சம் பயமா இருக்கும்.

இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1807ல இருந்து 1819 வரைக்கும் வெளியிட்ட லீபர் ஸ்டுடியோரம் வரிசையையும் விட்டுறாதீங்க, 71 படம், பெரும்பாலான படத்துல கோடுகளை அவரே எச்சிங் பண்ணினாரு, அதுக்கு மேல மெசோடின்ட் (தகட்டைச் சொரசொரப்பாக்கி நிழல் கொண்டு வர்ற முறை) ஏத்தினது பெரும்பாலும் வேற கலைஞர்கள். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி காலத்துல மூடின ரிவோ மடத்தோட இடிபாடு ஒரு படத்துல இருக்கு.

குறைன்னா, ஸ்கிரீன்ல அளவு புரியாது. ரோம் காட்சித் தகடு ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 40க்கு 60 சென்டிமீட்டர், போன்ல உள்ளங்கை சைஸ்தான். பேப்பர் மேல மை லேசா புடைச்சு நிக்குறதும் தெரியாது. இன்னொண்ணு, பிரானேசி செத்தப்புறம் பசங்க தகடுகளை பாரிஸுக்குக் கொண்டு போய் அங்கயும் அடிச்சாங்க, தேய்ஞ்ச தகட்டுல அடிச்சது வெளுத்துத்தான் இருக்கும், அதனால ஒரே படம் ரெண்டு மூணு வந்துச்சுன்னா வருசத்தைப் பாத்து பழைய பிரிண்ட்டை டவுன்லோட் பண்ணுங்க.

ஃப்ரேம் போடுறதா இருந்தா மேட் பேப்பர் கேளுங்க, கான்ட்ராஸ்ட்ல கை வைக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிருங்க. நான் குடுத்த ஒரு கடையில பளிச்சுனு இருக்கட்டும்னு ஏத்தி விட்டு தூரத்து மலையே காணாமப் போச்சு, வேற இடத்துல ஃபைலைத் தொடாம அடிச்சுக் குடுத்தாங்க, அருமையா வந்துச்சு. பிரானேசிக்கு ஏ2வுக்குக் கீழ போகாதீங்க, டர்னர் தகடு சின்னது, ஏ4லயே கிட்டத்தட்ட ஒரிஜினல் அளவு வந்துரும்.