ஆமைத் தொட்டியில் புழு: கழுவுவதா, உறிஞ்சி எடுப்பதா, மருந்து போடுவதா?

ஆமைத் தொட்டிக் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ நெளிவதைப் பார்த்ததும் பெரும்பாலோர் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவார்கள், இல்லையென்றால் ஒரு கை உப்பு போடுவார்கள், அதுவும் இல்லையென்றால் பூச்சி மருந்து வாங்கி ஊற்றுவார்கள். நான்காவதாக ஒரு வழி இருக்கிறது: டியூப் விட்டு அடியில் இருக்கும் அழுக்கை மட்டும் உறிஞ்சி எடுப்பது. என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் எல்லாப் புழுவுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. இருப்பது எந்தப் புழு என்று முதலில் தெரிய வேண்டும்.

தலைமுடி மாதிரி மெல்லிசாக, வெள்ளையாகவோ லேசான பழுப்பாகவோ இருந்து, தண்ணீரில் வளைந்து வளைந்து நீந்தினால் அது அழுக்குப் புழு. மண்புழுவின் உறவுக்காரன். மீந்த தீனியையும் ஆமையின் கழிவையும் தின்று கல்லுக்குள்ளும் பில்டருக்குள்ளும் வாழும். ஆமையை ஒன்றும் செய்யாது. நெளியாமல், கண்ணாடியோடு ஒட்டித் தட்டையாக வழுக்கிக்கொண்டு போனால் அது பிளனேரியா. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் அம்பு முனை போன்ற தலையும் இரண்டு கண் புள்ளிகளும் தெரியும். ஏரியிலிருந்து பிடுங்கி வந்த வேலம்பாசியோடு வந்து சேர்வது வழக்கம். இதுவும் ஆமைக்குக் கெடுதல் இல்லை. விரலால் நசுக்க மட்டும் வேண்டாம். துண்டானால் துண்டுகளே தனிப் புழுவாக வளரும்.

சிவப்பாக இருந்தால் கதை வேறு. அது கொசு போலவே இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சு. உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஆமை அதை விரும்பித் தின்னும். கவலைப்பட வேண்டியது ஆமைத் தொட்டியைப் பற்றி இல்லை, வீட்டுத் தண்ணீரைப் பற்றி. சம்ப்பிலோ மொட்டை மாடித் தொட்டியிலோ மூடி சரியாக மூடாமல் இருந்தால் அங்கேதான் முட்டையிட்டிருக்கும். குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி ஒரு பக்கெட் பிடித்துப் பாருங்கள். துணியில் சிவப்புப் புழு நின்றால் கழுவ வேண்டியது மேல் தொட்டியை.

இனி வழிகளுக்கு வருவோம். மொத்தமாகக் கழுவுவதுதான் எல்லோருக்கும் பிடித்தது, ஏனென்றால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் ஆமையின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நஞ்சில்லாததாக மாற்றும் பாக்டீரியா பில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருக்கிறது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதில் ஸ்பாஞ்சைப் பிழிந்து அலசினால் அந்தப் பாக்டீரியா செத்துவிடும். மறுபடி முழுதாக உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை அமோனியா ஏறும், தண்ணீர் கலங்கும், நாறும். நாறுகிறதே என்று மறுபடி கழுவுவார்கள். புழுவும் முழுதாகப் போகாது, பில்டர் மடிப்பில் நாலு தப்பித்தால் போதும், மறுபடி பெருகிவிடும்.

உறிஞ்சி எடுப்பதில் இந்தத் தொல்லை கிடையாது. வாரம் ஒரு முறை கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை, அடியில் தேங்கிய அழுக்கோடு சேர்த்து டியூபால் இழுத்துவிட வேண்டும். வாயால் இழுக்கவே கூடாது. ஆமைத் தண்ணீரில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். டியூப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் கட்டைவிரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறு முனையைக் கீழே பக்கெட்டிலும் விட்டுத் திறந்தால் தானாக இறங்கும். எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அலசிக்கொள்ளலாம். புதிதாக ஊற்றும் தண்ணீரை முதல் நாளே வாயகன்ற பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைப்பது நல்லது. புழு ஒரே நாளில் மறையாது. தின்ன எதுவும் இல்லாமல் போகப் போகத்தான் குறையும். இந்த முறையில் ஒரே குறை இந்தப் பொறுமைதான்.

தீனி போடும் விதத்தை மாற்றாவிட்டால் எந்த முறையும் நிற்காது. ஆமையைத் தனி டப்பில் விட்டு, கால் மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு பெல்லட் போட்டு, பிறகு தொட்டியில் விடுவது ஒரு முறை. தொட்டியிலேயே போட்டு மிச்சத்தை வலையால் அள்ளுவது இன்னொரு முறை. முதல் முறையில் வேலை கூடுதல், ஆனால் தொட்டி சுத்தமாக இருக்கும். தூக்கினாலே மிரளும் ஆமையாக இருந்தால் இரண்டாவதே சரி. அதேபோல அடியில் கல் பரப்புவதா, வெறும் கண்ணாடியாக விடுவதா என்றால் நான் தயங்காமல் வெறும் கண்ணாடி என்பேன். சின்னக் கல்லை ஆமை விழுங்கி வயிறு அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் அதில் இல்லை.

வேலூர் கத்திரி வெயிலில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது தொட்டித் தண்ணீரும் சூடாகும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மிச்சத் தீனி சீக்கிரம் அழுகும். கல்லுக்குள் இருந்த அழுக்குப் புழு மூச்சுக்காக மேலே வரும். திடீரென்று நூற்றுக்கணக்கில் வந்துவிட்டதாகத் தோன்றும், உண்மையில் அவை முன்பே உள்ளே இருந்தவைதான். ஏர் பம்ப் போட்டு, தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி வைத்தால் கீழே போய்விடும்.

உப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கை உப்பு இந்தப் புழுவைக் கொல்லாது. கொல்லும் அளவு போட்டால் பில்டர் பாக்டீரியாவுக்கும் செடிக்கும் கேடு. பல தெருக்களில் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்புதான்.

மருந்தில்தான் எனக்கு உண்மையான பயம். பிளனேரியாவுக்கு பென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து வேலை செய்யும். பாக்குச் சாற்றில் செய்த பொடிகளும் கிடைக்கின்றன. இரண்டுமே நத்தையைக் கொல்லக்கூடியவை. ஒரே நேரத்தில் செத்த புழுக்கள் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். அதைவிட, இரவில் ஒரு சின்னப் புட்டியில் துளி இறைச்சி வைத்து இறக்கிவிட்டு, காலையில் உள்ளே சேர்ந்திருக்கும் பிளனேரியாவோடு எடுத்துவிடுவது மேல். புட்டி வாய் சின்னதாக இருக்கட்டும், ஆமை தலையை விட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆடு மாடு வளர்க்கும் வீடுகளில் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து இருக்கும். அதை ஆமைக்கோ ஆமைத் தண்ணீருக்கோ தயவுசெய்து தொடாதீர்கள். ஆமைக்கு அது நஞ்சு, உடம்பு செயலிழந்து செத்துவிடும்.

மருந்து உண்மையிலேயே வேண்டியது, ஆமையின் கழிவோடு புழு வரும்போது. தனி டப்பில் விட்ட ஆமை போட்ட புதுக் கழிவில் வெள்ளை நூல் தெரிந்தால், அல்லது தீனி எடுக்காமல் இளைத்துக்கொண்டே போனால், அந்தக் கழிவைச் சுத்தமான சின்ன டப்பாவில் அடைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மைக்ரோஸ்கோப்பில் முட்டையைப் பார்த்து, ஆமையின் எடைக்கு ஏற்ப அவர் மருந்து அளவு சொல்வார். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழக்கமுள்ள மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய் வரலாம். ஒன்று மட்டும்: இதெல்லாம் கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமைக்கு. ஏரியில் பிடித்த நாட்டு ஆமை என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைப்பதே குற்றம், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். சிவப்புக் காது ஆமையை மாறாக ஏரியில் விடவும் கூடாது, நாட்டு ஆமையின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

உறிஞ்சி எடுத்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். தென்னைக்கோ பூச்செடிக்கோ ஊற்றுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கூட நின்று பார்த்த குழந்தைகளின் கையையும் சேர்த்து.