அமைதியாக இருக்கிறதே என்று நம்பித்தான் பெரியம்மாவை விட்டுவிட்டு வந்தோம்

மறதி நோய் உள்ள பெரியவரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். இல்லத்தின் பெயரைப் போடவில்லை. எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும். நாங்கள் எந்த இடத்தில் ஏமாந்தோம் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

பெரியம்மாவுக்கு 78 வயது. அல்சைமர் என்று தெரியவந்து ஐந்து வருடம் ஆகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, என்னையும் தம்பியையும் வளர்த்ததே அவர்தான். வாழ்நாள் முழுக்கத் தையல் வேலை செய்தவர், அதனாலோ என்னவோ எங்கள் பெயர்கள்கூட மறந்துபோன பிறகும் கை மட்டும் சும்மா இருக்காது. ஒரு துண்டைக் கொடுத்தால் மடிப்பார், நீவுவார், உதறுவார், மறுபடி மடிப்பார். பகல் முழுக்க அப்படியே போய்விடும். மாலை ஐந்து மணி ஆனால்தான் கஷ்டம். "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்று எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். இதுதான் வீடு என்று சொன்னால் கோபம் வரும், அழுகை வரும், சில நாள் நள்ளிரவு தாண்டியும் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். பொழுது சாயும்போது குழப்பமும் பயமும் கூடுவது இந்த நோயில் பலருக்கும் உண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒருநாள் விடியற்காலையில் வாசல் கதவு திறந்து கிடந்தது, அவரைத் தெருக்கோடியில் கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகுதான் இல்லம் தேட ஆரம்பித்தோம்.

போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு, காலை 11 மணிக்குப் போனோம். முதல் தப்பு அது. பளபளவென்று தரை, ஒரு வாடை இல்லை, வரிசையாக நாற்காலிகள், அதில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடக் கத்தவில்லை, எழுந்து நடக்கவில்லை. மேனேஜர் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா, எவ்வளவு அமைதியா இருக்காங்க. இங்க வந்தா எல்லாருமே செட்டில் ஆயிடுவாங்க." எத்தனையோ மாதமாக ராத்தூக்கம் இல்லாமல் இருந்த எங்களுக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். 24 மணி நேரமும் நர்ஸ் இருப்பார், டாக்டர் வாரம் ஒருமுறை வருவார், டிமென்ஷியா, அதாவது மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ள எல்லாருக்கும் பயிற்சி உண்டு என்றார்கள். ஒன்றையும் காட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. தோட்டம் ஒன்று இருந்தது, கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அந்தக் கதவில் பூட்டு தொங்கியதை அன்றைக்கே பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

சேர்த்த அன்று, இரண்டு வாரம் வந்து பார்க்க வேண்டாம், பார்த்தால் பழக மாட்டார் என்றார்கள். சரி என்று தலையாட்டினோம். இப்போது யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது இடத்துக்கு வந்த மறதி நோயாளிக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான் பிடிமானம், அதையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

பதினைந்து நாள் கழித்துப் போனபோது காலை 11 மணிக்குப் பெரியம்மா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாயோரம் எச்சில் வழிந்து. எழுப்பினால் கண்ணைத் திறந்தார், பார்வை எங்கள் மேல் நிற்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன துண்டை மடியில் வைத்தேன். கை அசையவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கேட்டதற்கு, "நோய் முத்திக்கிட்டே வருதுங்க, இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நாங்களும் நம்பினோம், அழுதுகொண்டே திரும்பினோம்.

அல்சைமர் வருடக்கணக்கில் மெதுவாகக் கூடுகிற நோய். நடந்துகொண்டிருந்தவர் இரண்டே வாரத்தில் தலைதூக்க முடியாமல் போனால், அதை நோய் முற்றியது என்று விட்டுவிடக் கூடாது, உடனே வேறு காரணத்தைத் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, தண்ணீர் போதாமை, மலச்சிக்கல், வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வலி, புதிதாகக் கொடுத்த மருந்து என்று எதுவாகவும் இருக்கலாம். இது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே கூட்டிவந்திருப்பேன்.

அதன்பின் இரண்டு முறை விழுந்தார். முதல் முறை விழுந்ததை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, கன்னத்துக் கறுப்பைப் பார்த்து நாங்களே கேட்டோம். இரண்டாவது முறைக்குப் பிறகு தம்பி பிடிவாதமாக மருந்துச் சீட்டைக் கேட்டான். அதெல்லாம் வெளியில் கொடுப்பதில்லை என்றார்கள். மாத்திரை அட்டைகளையாவது காட்டுங்கள், இல்லாவிட்டால் இப்போதே ஆம்புலன்ஸை வரவழைக்கிறோம் என்ற பிறகுதான் எடுத்து வைத்தார்கள். ஹாலோபெரிடால் தினமும் மாலையில். கூடவே இரவுக்குக் குவெட்டியாபின். சேர்த்த மூன்றாம் நாளிலிருந்து. எழுதியது யார் என்றால் ஒரு டாக்டர், போனில் சொன்னாராம். பெரியம்மாவை அவர் நேரில் பார்த்ததற்கு ஒரு குறிப்புகூட இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இரண்டுமே மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் கொடுக்கிற மருந்துகள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2005-லேயே மிகக் கடுமையான எச்சரிக்கை விட்டது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 4.5 சதவீதம் பேரும் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேரும் சுமார் பத்து வாரத்துக்குள் இறந்திருந்தார்கள். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளையும் 2008-இல் அந்த எச்சரிக்கையில் சேர்த்தார்கள். லூயி பாடி என்கிற வகை டிமென்ஷியா இருப்பவர்களுக்கு இவை இன்னும் மோசம், உடம்பு கட்டைபோல் இறுகிவிடும். இந்த மருந்துகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போகிறவருக்கு, வேறு வழியெல்லாம் பார்த்த பிறகு, மிகக் குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு, ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது தேவையா என்று பரிசீலித்துக் கொடுப்பார்கள். சாயந்திரம் வீட்டுக்குப் போகணும் என்று அழுகிற ஒரு அம்மாவை நாற்காலியில் உட்கார வைப்பதற்கு அது மருந்தே இல்லை. அன்று நாங்கள் பார்த்து மயங்கிய அமைதி எங்கிருந்து வந்தது என்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் நீர்ச்சத்து இல்லை, சிறுநீர்த் தொற்று, ஏழு வாரத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தார், முதுகுத்தண்டின் கீழே படுக்கைப்புண் ஆரம்பம். அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மறையவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று நர்ஸ் காட்டிக்கொடுத்தார். மருந்துகளை டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தோம். மூன்றாம் வாரம் துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். இப்போது பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடக்கிறார். தனியாக நடந்தவர், அது திரும்ப வரவில்லை.

அதன்பின் வேறு ஓர் இல்லம் தேடினோம், இந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் மாலை ஐந்தரைக்குப் போனோம். உண்மை தெரிகிற நேரம் அதுதான். ஞாயிற்றுக்கிழமையும் ஒருமுறை போனோம், ஆள் குறைகிற நாள் என்பதால். எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "ஒருத்தர் வீட்டுக்குப் போகணும்னு அழுதா நீங்க என்ன செய்வீங்க?" ஒருவர், "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவோம்" என்று சாதாரணமாகச் சொன்னார், எழுந்து வந்துவிட்டோம். இன்னொரு இடத்தில் அந்தக் கேள்வியை மேனேஜரிடம் இல்லாமல், தரை துடைத்துக்கொண்டிருந்த உதவியாளரிடம் கேட்டேன். "யார் வீட்டுக்குன்னு கேப்பேன் அக்கா. அம்மா வீடும்பாங்க. சரி வாங்க போலாம்னு கூட ரெண்டு சுத்து நடப்பேன், அவங்க அம்மாவப் பத்திப் பேசிட்டே வருவாங்க" என்றார். ஆறு வருடமாக அங்கே வேலை செய்கிறாராம். அந்த இல்லத்தில் சத்தம் இருந்தது. ஒரு பெரியவர் நடையில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார், யாரும் அவரைத் தடுக்கவில்லை. தோட்டத்துக் கதவு திறந்திருந்தது. பெரியம்மா இப்போது அங்கேதான் இருக்கிறார்.

நீங்கள் போகும்போது ஒரு மணி நேரமாவது ஓரமாக உட்காருங்கள். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, யாராவது எடுத்துக் குடிக்க வைக்கிறார்களா, கண்ணாடியும் பல்செட்டும் காதுமெஷினும் அவரவருடையது அவரவரிடம் இருக்கிறதா, பேசும்போது குனிந்து முகம் பார்த்துப் பேசுகிறார்களா என்று பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்பதைக் கேட்டு, வேலை அட்டவணையையும் காட்டச் சொல்லுங்கள். எடை பார்க்கிற நோட்டு இருக்கிறதா? விழுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வார்கள்? எங்களைக் கேட்காமல் புதிய மருந்து எதுவும் தொடங்கக் கூடாது, மருந்துச் சீட்டின் நகல் மாதாமாதம் வேண்டும், நினைத்த நேரத்தில் வந்து பார்ப்போம், நடுவில் கூட்டிச்சென்றால் அட்வான்ஸ் இத்தனை நாளில் திரும்ப வர வேண்டும், இந்த நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாததால் எங்கள் பணம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஏற்கெனவே யாரையாவது சேர்த்திருக்கிறீர்கள், அவர் எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால், அடுத்த முறை போகும்போது மருந்து அட்டைகளைப் போட்டோ எடுத்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாகத் திடீரென்று எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. போகும்போதே படுக்கைப்புண் இருக்கிறதா என்று அவருடைய குதிகாலையும் இடுப்பின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.