அம்மாட இந்தியா விசாவும் கல்முனை ட்ரவல்ஸ் கடையும்

போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்தியா போய் வந்தனான், திருச்சிக்குக் கிட்ட இருக்கிற சமயபுரம் மாரியம்மனுக்கு நேர்த்தி ஒண்டு கன காலமாக் கிடந்தது. விசா, டிக்கட் எல்லாம் கல்முனை டவுனுக்குள்ள ஒரு சின்ன ட்ரவல்ஸ் கடையிலதான் செய்தம். நம்மட பக்கத்தால முதல்தரம் போற ஆக்களுக்கு உதவும், அதான் நல்லதையும் பிழையையும் சேர்த்து எழுதுறன்.

கடைக்கு ஏன் போனதெண்டா, என்ட மச்சாள் ஒருத்தி கூகுள்ல தேடி முதல்ல வந்த சைட்டில விசாக்குக் காசு கட்டிட்டா, பார்க்க அரசாங்கத்துட மாதிரியே கிடந்ததாம், கட்டினதோ சரியான கூட. இந்திய ஈ-விசாக்கு, அதான் ஒன்லைனில எடுக்கிற விசாக்கு, உண்மையான சைட்டுட பேர் கவ் டொட் இன் (gov.in) எண்டுதான் முடியும், டொட் கொம் எண்டு கண்டா கிட்டயும் போகாதீங்க.

கடைக்கார நானா பாரம் நிரப்பின விதம்தான் எனக்கு மிச்சம் பிடிச்சது. அம்மாட பாஸ்போட்டில பேருக்குள்ள ஒரு 'எச்' கூடக் கிடக்கு, ஐடென்டிட்டி கார்டில அது இல்ல. அம்மா "தம்பி, கார்டில உள்ளதுதான் சரி, அதைப் போடுங்க" எண்டா. அவர் "இல்லம்மா, சரியோ பிழையோ பாஸ்போட்டில உள்ள மாதிரியேதான் போடணும், இல்லாட்டி எயார்போட்டில மறிச்சிருவாங்க" எண்டு சொல்லி, பாஸ்போட்டுக்கு அடியில அம்புக்குறி அம்புக்குறியா ரெண்டு வரி இருக்கும்தானே, அதில விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா சத்தமா வாசிச்சு ஒப்பிட்டவர். பின்னுக்கு அஞ்சாறு பேர் நிண்டும் அவசரப்படல்ல. படமும் அப்பிடித்தான், ஸ்டூடியோவில பாஸ்போட்டுக்கு எடுக்கிற 35க்கு 45 மில்லிமீட்டர் படம் ஈ-விசாக்குச் சரிவராது, நீளமும் அகலமும் சமனா இருக்கணும், பின்னுக்கு வெள்ளையா இருக்கணும், அதை அங்கயே போன் கமராவால திரும்ப எடுத்தவர். பாஸ்போட் 6 மாசத்துக்குக் குறையாமச் செல்லுபடியா இருக்கணும், ரெண்டு பக்கம் வெறுமையாக் கிடக்கணும். பயணத்துக்குக் குறைஞ்சது 4 நாளைக்கு முதல் போட்டிரணும், 'கிராண்டட்' எண்டு வந்த பிறகு அந்தத் தாளை பிரிண்ட் எடுத்துக் கையில வச்சிருக்கணும். 30 நாள் விசாவை அங்க போய் நீட்ட ஏலாது எண்டதையும் ரெண்டு தரம் சொன்னவர்.

மறுகா காசு விசயம். அம்மா 2018ல போய் வந்த நேரம் மிஞ்சின இந்தியத் தாள் ரெண்டை அலுமாரியில சீலைக்குள்ள மடிச்சு வச்சிருந்தவ, ரெண்டும் 2000 ரூபாத் தாள். 2023 மே மாசத்தோட ரிசர்வ் பாங்க் அதைத் திரும்ப எடுக்கத் தொடங்கிட்டு, கடையில வாங்க மாட்டாங்க எண்டு நானா சொன்ன உடன அம்மாட முகம் வாடிப்போச்சு. உங்கட வீட்டிலயும் இருந்தா இப்பவே பாருங்க. அங்க இளநிக் கடையிலயும் கியூஆர்தான், நம்மளுக்கு அது இல்ல, அதனால 50, 100 தாளா மாத்தி வச்சிருங்க.

சாஜர் விசயம் ஆரும் சொல்ல மாட்டாங்க. இப்ப நம்மட வீடுகளில போடுற சதுரப் பின் மூண்டு உள்ள பிளக் அங்கத்தச் சுவரில போகாது, அங்க உருண்டைப் பின். நானா சொல்லித்தான் எடப்டர் ஒண்டு வாங்கினது, முதல்நாள் ராவே அது தேவைப்பட்டுப் போச்சு. சிம் எடுக்க பாஸ்போட்டும் விசாத் தாளும் படமும் கேப்பாங்க, எடுத்த உடன வேலை செய்யுமெண்டு இருக்காதீங்க, வீட்ட ஆக்களிட்ட முதலே சொல்லி வைங்க.

இனி பிழை. திருச்சி பஸ் சென்னை கோயம்பேட்டு பஸ் ஸ்டாண்டில எண்டு நானா தாளில அடிச்சே தந்தவர். சென்னையில இறங்கி மெட்ரோவில கோயம்பேடு போய்க் கேட்டா, தெக்குப் பக்கம் போற பஸ் இப்ப கிளாம்பாக்கத்தில எண்டாங்க. 2023 டிசம்பர் கடைசியில திறந்த புது ஸ்டாண்ட், வண்டலூருக்குக் கிட்ட. அதாவது எயார்போட்டில இருந்து மற்றப் பக்கம் போயிருக்கணும். முழங்கால் வருத்தக்காரி அம்மா, சூட்கேஸ் ரெண்டு, அந்த வெயிலுக்க வந்த வழியாலயே திரும்பி எயார்போட்டைத் தாண்டிப் போனம். அரை நாள் வீண். அம்மா ஒரு சொல்லும் சொல்லல்ல, அதுதான் எனக்குக் கவலை. இன்னொண்டு, டிக்கட்டுக்கு எவ்வளவு, சேவைக்கு எவ்வளவு எண்டு பிரிச்சு பில் தரல்ல, கேட்ட பிறகுதான் எழுதித் தந்தவர், ஆனாக் காசு நியாயமான காசுதான்.

ஊருக்கு வந்து நானாட்ட கிளாம்பாக்கத்துக் கதையைச் சொன்னன். மேசைக் கண்ணாடிக்குக் கீழ கிடந்த தாளை இழுத்து எடுத்து, கோயம்பேட்டைப் பேனையால வெட்டி, கிளாம்பாக்கம் எண்டு எழுதி, "அம்மாட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க" எண்டவர். மாமியும் வாற வருசம் போகணும் எண்டு நிக்கிறா, அவட பாஸ்போட்டையும் அங்கதான் கொண்டு போவன்.