பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்களா? எடுக்கும் திகதியைக் கேட்டு வாங்குங்கள்

அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். நாங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கம். கொழும்புக்குப் போய்ப் பித்தக்குழாய்க் கல் எடுத்து வந்தவர்கள் நம்மிடையே இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இது.

போன வருடம் தை மாதம் அம்மாவுக்குச் செங்கமாரி. பித்தப்பையை முந்தியே எடுத்தாயிற்று, ஆனால் ஈரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தம் வரும் குழாயில் கல் அடைத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பயத்தில் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈ.ஆர்.சி.பி., அதாவது வாய் வழியாகக் கமரா விட்டுச் செய்வது. கல் முழுதும் வரவில்லை, பித்தம் தடையில்லாமல் ஓட ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட், அதாவது ஒரு சிறு குழாய், வைத்திருக்கிறோம் என்றார்கள்.

மூன்றரை லட்சத்துக்கு மேல் பில். காசு கட்டி ரசீது வாங்கவே அரை நாள் போனது. டொக்டரோடு பேசக் கிடைத்தது இரண்டு நிமிடம். "எல்லாம் ஓகே, எண்ணெய்ச் சாப்பாட்டக் குறைங்க." வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் காட்டில் ஸ்டென்ட் வைத்ததாக ஆங்கிலத்தில் ஒரு வரி. எப்போது எடுப்பது, மிச்சக் கல்லுக்கு எப்போது வருவது, ஒன்றும் இல்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இருதயத்தில் வைப்பதைப் போல இதுவும் உள்ளேயே இருக்கும் சாமான் என்று நினைத்துவிட்டோம்.

கார்த்திகை மழைக்குள் ஒரு பின்னேரம், "மனே, குளிருது, இன்னொரு போர்வை தா" என்றார். மூன்று போர்வைக்கு மேலாலும் கட்டில் ஆடியது. டெங்கு என்று பயந்து இரத்தம் சோதித்தோம், இல்லை. கண் மஞ்சளானதும் மாமி கீழ்க்காய்நெல்லி அரைத்துப் பாலில் கொடுத்தார். அன்போடு செய்ததுதான், ஆனால் இரண்டு நாள் வீணாகிவிட்டது. சிறுநீர் தேயிலைச் சாயம் போல வந்த பிறகுதான் இங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து ஒரு டொக்டர் காட்டினார். ஒரு வெள்ளைக் கோடு. அதன் கீழ் நுனி சிறுகுடலுக்குள் எட்டிப் பார்த்தபடி இருக்க வேண்டுமாம். அம்மாவுடையது முழுதாக மேலே ஏறிப் பித்தக்குழாய்க்குள் போய்விட்டது. "தம்பி, இத 3 மாசத்துல எடுக்கணும், இல்லாட்டி மாத்தணும். ஏன் வரல்ல?" எனக்குப் பதில் வரவில்லை.

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பிளாஸ்டிக் ஸ்டென்ட் நாள் போகப் போகப் பித்தச் சேறும் கிருமியும் படிந்து அடைபடும். அடைத்தால் கிருமி இரத்தத்தில் ஏறும், அந்த நடுக்கமும் காய்ச்சலும் அதுதான். சிலருக்கு அது இடம் மாறும். கீழே வழுக்கினால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். ஆனால் சிலருக்குச் சிறுகுடலின் சுவரைக் குத்தித் துளைக்கும், பெருங்குடல் வரை போயும் குத்தும். ஹேர்னியா உள்ளவர்களுக்கும் முன்பு வயிற்றில் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் வழியில் சிக்கும் ஆபத்து கூட. துளைத்தால் வயிற்றை வெட்டித் திறக்க வேண்டியும் வரலாம்.

கிருமிக்கு ஊசி ஏற்றி, பிறகு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிடிக்க நுனியே வெளியில் இல்லாததால் முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை பலூன் விட்டு இழுத்து எடுத்தார்கள், மிச்சக் கல்லும் வந்தது. எடுத்ததைக் காட்டினார்கள். பேனை ரீஃபில் மொத்தம், என் நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம், கறுத்துப் போய் வாயில் களிமண் போல அடைத்திருந்தது. அம்மா அதைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே டயக்னோசிஸ் காட்டை எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கா உலோகமா, எடுக்கும் திகதி என்ன, எங்கே எடுப்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இடையில் நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சள், பொறுக்க முடியாத வயிற்று வலி, எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் ஸ்டென்ட் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணினேன். "டொக்டரச் சனல் பண்ணி வாங்க" என்றார்கள், அதாவது முன்பதிவு செய்து வரட்டாம். பதிவுத் தபாலில் கடிதம் போட்டு ஆறு வாரம் ஆகிறது. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.